சபைக்குள் வளரும் குணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவிருந்தில் (நற்கருணையில்) சேரப் பிள்ளைகளைத் தயார்செய்யும் திடப்படுத்தல் வகுப்பிலும், வாலிபர் கூட்டத்திலும், ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு தேடும்போதும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலிருந்து எடுத்தவை, எனக்குப் பழக்கமான வாழ்க்கை அதுதான். கத்தோலிக்க, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் பதவிப் பெயர்களை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். சண்டைகள் ஏறக்குறைய ஒன்றேதான்.

ஆவிக்குரிய குணம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பக்தியாக இருந்தால் அது தானாக வந்துவிடாதா?

கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் 'ஆவியின் கனி' என்று எழுதிய ஒன்பதும் நமக்கு மனப்பாடம்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ஞாயிறு பள்ளியில் ஆப்பிள், திராட்சை வரைந்து ஒவ்வொரு பழத்திலும் ஒன்றை எழுதி வர்ணம் அடித்திருப்போம். அப்படித் தனியாகவே படித்துப் பழகியதால், அது யாருக்கு எழுதப்பட்டது என்பது மறந்துபோகிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 15-ஆம் வசனத்தில், நீங்கள் ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தால் அழிந்துபோவீர்கள் என்று பவுல் எச்சரிக்கிறார். இன்றைய துருக்கியில், கலாத்தியா என்ற பகுதியில் இருந்த சபைகளுக்கு எழுதிய கடிதம் அது. புறஜாதியிலிருந்து, அதாவது யூதரல்லாதவர்களிலிருந்து, வந்தவர்களுக்கு விருத்தசேதனம் (யூத முறைப்படி நுனித்தோல் நீக்கும் சடங்கு) வேண்டுமா வேண்டாமா என்று இரண்டுபட்டுக் கிடந்தார்கள். மாம்சத்தின் கிரியைகள் என்று அவர் போடும் பட்டியலிலும் விபசாரமும் வெறியும் ஆளுக்கொரு ஓரத்தில்தான் இருக்கின்றன. நடுவில் வரிசையாக நிற்பவை பகை, விரோதம், வைராக்கியம், கோபம், சண்டை, பிரிவினை, பொறாமை.

ஆக, இந்த ஒன்பதும் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்குச் சொல்லப்பட்டவை. நீடியபொறுமை வளர, எரிச்சல் மூட்டுகிற ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். தயவு காட்ட, தயவுக்குத் தகுதியில்லாதவர் என்று நாம் நினைக்கிற ஒருவர் வேண்டும். பக்தி இருந்தால் இதெல்லாம் தானாக வரும் என்பதை நான் நம்பவில்லை. விடியற்காலை நாலு மணி ஜெபத்தைத் தவறவிடாத, ஆனால் மருமகளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாத ஆளை எல்லாச் சபையிலும் காட்டலாம்.

வீட்டிலேயே வேதம் வாசித்து, ஜெபம் பண்ணி, யூடியூபில் நல்ல பிரசங்கம் கேட்டால் போதாதா?

படுக்கையில் இருப்பவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும், சபையே இல்லாத ஊரில் வேலை செய்பவர்களுக்கும் அது பெரிய உதவி. 2020 ஊரடங்கில் நம் எல்லோருக்குமே அதுதான் ஆராதனையாக இருந்தது. மற்றவர்களுக்குப் போதாது என்றுதான் சொல்வேன். போனில் வரும் பிரசங்கியாரை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். பிடிக்காத இடத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம். பக்கத்து பெஞ்சில் சுருதி விலகிச் சத்தமாகக் கீர்த்தனை பாடும் பெரியப்பாவைத் தள்ளிவிட முடியாது. போன வருடம் உங்கள் நிலத்து வரப்பைத் தாண்டி வேலி போட்டவரும் அதே திருவிருந்துக்கு முழங்காலில் நிற்பார்.

தனிமையில் வளர முடியுமா என்பது புதிய கேள்வி இல்லை. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவிகளுக்கு ஒழுங்குமுறை எழுதிய பெனடிக்ட், தனியே போய்த் தவம் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் அது மடத்தில் மற்றவர்களோடு நீண்ட காலம் பழகித் தேறியவர்களுக்கு உரியது, ஆரம்ப உற்சாகத்தில் இருப்பவர்களுக்கு அல்ல என்று முதல் அதிகாரத்திலேயே எழுதிவிட்டார். அவருடைய மடத்தில் சமையல் வேலை வாரா வாரம் முறை வைத்து மாறும். முறை முடிகிறவரும் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லோருடைய கால்களையும் கழுவவேண்டும். முணுமுணுப்பை அவர் திரும்பத் திரும்பக் கண்டிக்கிறார். மடத்துச் சமையலறையைப் பற்றி நன்றாகத் தெரிந்த மனுஷர்.

சபையில்தானே இத்தனை சண்டை? அங்கே போய் என்ன குணம் வளரும்?

இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. சபைத் தேர்தல் வந்தால் அணி பிரிகிறது, துண்டுச்சீட்டு அடிக்கிறார்கள், வேனில் ஆள் கொண்டுவருகிறார்கள், தோற்றவர் கோர்ட்டுக்குப் போகிறார். இதைப் பார்த்த இருபது வயதுப் பிள்ளை "எனக்கு இது வேண்டாம்" என்று சொன்னால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் புதிய ஏற்பாட்டுச் சபை சண்டையில்லாத சபை என்று யார் சொன்னது? பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். பவுலோடு தோள் கொடுத்து உழைத்தவர்கள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பவுல் என்ன செய்கிறார் பாருங்கள். சபை முழுவதற்கும் வாசிக்கப்படும் கடிதத்தில் இருவர் பெயரையும் எழுதுகிறார், ஒருவரை நல்லவராகவும் இன்னொருவரைக் கெட்டவராகவும் காட்டாமல் இருவருக்கும் ஒரே புத்தியைச் சொல்கிறார், கூடவே மூன்றாவது ஒருவரிடம் "இவர்களுக்கு உதவி செய்" என்று கேட்டுக்கொள்கிறார். பிரச்சினை என்ன என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நம் ஊராக இருந்தால் பிரச்சினை மட்டும்தான் ஊர் பூராவும் தெரிந்திருக்கும்.

பவுலே தன் உடன் ஊழியர் பர்னபாவோடு சண்டை போட்டுப் பிரிந்தவர்தான். மாற்கு என்ற உதவியாளரை ஊழியப் பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதுதான் பிரச்சினை (அப்போஸ்தலர் 15). பல வருடம் கழித்து அதே மாற்கைத் தன்னிடம் அழைத்துவரச் சொல்லி, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நடுவில் யார் யாரிடம் முதலில் பேசினார்கள் என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. யாரோ ஒருவர் தன் கௌரவத்தை விட்டுத்தான் பேசியிருக்கவேண்டும்.

சரி, சபையில் எந்த இடத்தில் இது உண்மையாகவே சோதிக்கப்படுகிறது?

அசனத்தில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தென் மாவட்டச் சபைகளில் பண்டிகையை ஒட்டிச் சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. அரிசி, தேங்காய், விறகு, பணம் என்று வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். முந்தின ராத்திரி கோயில் வளாகத்தில் டியூப்லைட் கட்டி, தார்ப்பாய் விரித்து வெங்காயம் உரிக்க உட்காருவார்கள். ஹெட்மாஸ்டரும் பீடி சுற்றும் அக்காவும் ஒரே சாக்கில் கைவிட்டு உரித்துக்கொண்டிருப்பார்கள். கண் எரிச்சலில் எல்லோரும் அழுதுகொண்டே சிரிப்பார்கள். அந்த ராத்திரியில் கிடைக்கிற ஐக்கியம் பல கன்வென்ஷன் கூட்டங்களில் கிடைக்காது.

மறுநாள் பந்தி. அங்கேதான் சோதனை. முதல் பந்தியில் யார் உட்காருவது, யார் வெயிலில் நிற்பது? கமிட்டிக்காரர் வீட்டுக்குத் தூக்குவாளி முதலிலேயே போய்விட்டதா? பரிமாறுகிறவரின் கரண்டியைக் கவனித்துப் பாருங்கள். தெரிந்த முகம் வந்தால் அண்டாவின் அடிவரை போய்க் கறித்துண்டோடு மேலே வரும். தெரியாத முகத்துக்கு மேலாக ஒரு சுழற்று, குழம்பு மட்டும். கடைசிப் பந்தியில் உட்காரும் விதவைத் தாய்மார்களுக்குச் சோறும் ரசமும்தான் மிஞ்சும்.

கொரிந்து சபையில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்திருந்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அதைக் கண்டித்துப் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 11-லிருந்துதான் நாம் இன்றும் திருவிருந்தில் வாசிக்கிறோம். எருசலேமிலும் கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த வேலைக்குக் கேட்ட தகுதி: நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். சாப்பாடு பரிமாறவா இத்தனை தகுதி என்று கேட்பவர்கள் ஒரு அசனத்தில் வாளி தூக்கிப் பார்க்கட்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். ஒதுக்கப்பட்டதாகச் சொன்னவர்களின் பக்கத்து ஆட்களிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அதை நான் படிக்கிறேன்.

ஒரு யோசனை. பரிமாறும் பொறுப்பைச் சபைக் கமிட்டிக்கே கொடுத்து, அவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்காரவேண்டும் என்று ஒரு வருடம் வைத்துப் பாருங்கள். கடைசிப் பந்திக்கும் கறி வந்து சேரும்.

சாதியை விட்டுவிட்டுக் குணத்தைப் பற்றிப் பேச முடியுமா?

முடியாது. பேசியவர்கள் உண்டு, அதன் விளைவையும் நாம் பார்த்திருக்கிறோம். தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் மிஷனரிகள் சபை நடத்திய காலத்திலிருந்தே கோயிலுக்குள் சாதிப்படி தனித்தனியாக உட்காருவது வழக்கமாக இருந்தது. கல்கத்தா பேராயராக இருந்த டேனியல் வில்சன் 1833-ல், சபையில் சாதி வேற்றுமை உடனடியாக, முழுமையாக ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அதற்குச் சில வருடம் முன்பு, இன்றும் நாம் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே, சாதி வழக்கங்களில் புது மிஷனரிகள் கைவைப்பதை எதிர்த்து எழுதியிருக்கிறார். அவர் பாடல்களை நான் குறைவாகப் பாடப்போவதில்லை. ஆனால் உருகிப் பாடுகிற மனசும் ஒரே வரிசையில் உட்கார மறுக்கிற மனசும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதை மறக்கவும் மாட்டேன்.

வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலின் கதை இன்னும் வெளிப்படை. கால்சட்டையின் இரண்டு கால்போல இரண்டு நீளக் கூடம், இரண்டும் ஒரே பீடத்தில் வந்து சேரும். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்றவர்கள், நடுவே தடுப்பு. 1910-ல் தடுப்பு இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தனி இடம் கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இப்போது சுவர் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். கிறிஸ்தவத் திருமணத் தகவல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், "மறுபடியும் பிறந்த" என்ற தகுதிக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் இருக்கும். பேராய உறுப்பினர் தேர்தலில் வாக்கு எப்படி எண்ணிப் பார்க்கப்படுகிறது என்பதும் தெரிந்ததுதான். ஒரு சபை அன்பிலும் சாந்தத்திலும் வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால், முழு இரவு ஜெபம் எத்தனை நடந்தது என்று நான் பார்க்கமாட்டேன். போன பத்து வருடத்தில் அந்தக் கோயிலில் சாதி மீறி எத்தனை திருமணம் நடந்தது, அதில் எத்தனைக்கு இரண்டு வீட்டாரும் வந்து உட்கார்ந்தார்கள் என்று பார்ப்பேன்.

நான் இந்தச் சபைக்குப் புதுசு. எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள், யாரும் பேசுவதில்லை.

வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி. எஸ். அசரியா, 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் சொன்ன குறையும் இதேதான். மிஷனரிகள் தங்கள் உடைமையைக் கொடுத்தார்கள், உயிரையே கொடுத்தார்கள், ஆனால் இந்திய ஊழியர்களைச் சமமாக மேசைக்கு அழைப்பதில்லை. எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அரங்கத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் தோர்னக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர்.

வெள்ளைக்காரர்களைப் பற்றி அவர் சொன்னதை நம் சபைகளுக்கும் திருப்பிப் படிக்கலாம். புதிதாக வந்தவரைக் கார்டில் பெயர் எழுத வைத்து, எழுந்து நிற்க வைத்து, கைதட்டி அனுப்பிவிடுகிறோம். ஒரு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. உங்களுக்கு என் யோசனை: கொயரிலோ, பூ அலங்காரத்திலோ, ஞாயிறு பள்ளியிலோ ஏதாவது ஒரு வேலையில் சேருங்கள். நம் ஊரில் வேலை செய்யும்போதுதான் பேச்சு வரும். மூன்று மாதம் ஆகியும் யாரும் உங்கள் பெயரைக் கேட்கவில்லை என்றால் குருவானவரிடம் நேராகச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரியவேண்டும்.

காணிக்கை கொடுப்பது பணவிஷயம். அதற்கும் குணத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிப்பானையில் போட்டுவைத்துச் சபைக்குக் கொடுக்கும் வழக்கம் மிசோரம் சபைகளில் இன்றும் பெரிய அளவில் நடக்கிறது. நம் பக்கத்துப் பாட்டிமார்களுக்கும் பிடியரிசி தெரியும். பணமே கையில் புழங்காத பெண்கள் கொடுப்பதற்கு அது வழி. அடுப்படியில் தினமும் நடப்பதால் பழக்கமாகவும் ஆகிவிடும். 1903-ல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் இந்தியர் கொடுக்கும் காணிக்கையில் நடக்கவேண்டும் என்று தீர்மானித்ததும் இப்படிப்பட்ட வீடுகளை நம்பித்தான்.

இன்னொரு பக்கம், மின்விசிறி இறக்கையில் உபயதாரர் பெயர். தலைக்குமேல் சுற்றிக்கொண்டே இருப்பதால் படிக்கவும் முடியாது. ஆனாலும் எழுதுகிறோம். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்தில் ஒரு வாழைத்தார் சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது, கோயிலுக்குத்தானே போகிறது. அது பக்கத்து வீட்டுக்காரரை முந்துவதற்கான ஏலமாக மாறும் நிமிடத்தையும் அங்கே நிற்கிற எல்லோராலும் கண்டுபிடிக்க முடியும்.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வம்பு பேசுகிறார்கள். என்ன செய்வது?

"அவங்க வீட்டுக்காக ஜெபிச்சுக்கோங்க, பொண்ணு விஷயம்... வெளியே சொல்லாதீங்க." இப்படித் தொடங்கும் செய்தி சாயங்காலத்துக்குள் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடும். புறங்கூறுதல் பாவம் என்று பிரசங்கம் செய்தால் எல்லோரும் ஆமென் சொல்வார்கள், பிரயோஜனம் இருக்காது. நடைமுறை விதி ஒன்று வேண்டும்.

நாஜி ஆட்சியில் ஜெர்மன் போதகர் டீட்ரிக் பான்ஹோஃபர் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் இளம் போதகர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1935-ல் தொடங்கி 1937-ல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோ இழுத்து மூடும்வரை நடந்தது. அங்கே ஒரு விதி: உடன் மாணவர் ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசக் கூடாது, பேசிவிட்டால் அதை அவரிடமே போய்ச் சொல்லவேண்டும். மீறினார்கள், போய்ச் சொன்னார்கள், அதில் பிரசங்கத்தைவிட அதிகம் கற்றுக்கொண்டார்கள் என்று அங்கே படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் ஜெபக் குழுவில் இதைச் சின்னதாகத் தொடங்கலாம். மற்றவருக்காகக் குறிப்பு சொல்கிறவரிடம் "அவங்ககிட்டக் கேட்டுட்டீங்களாக்கா?" என்று ஒரே கேள்வி. முகம் சுளிப்பார்கள். இரண்டு மாதத்தில் குறிப்புகள் பாதியாகக் குறையும்.

ஒருவர் தவறு செய்வது தெரிந்தால் எப்படிச் சொல்வது?

மத்தேயு 18-ல் வழி இருக்கிறது: முதலில் தனியாக, கேட்காவிட்டால் ஓரிருவரோடு, அதற்கும் அசையாவிட்டால் சபையிடம். நாம் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். முதலில் சபை முழுக்கத் தெரியும், பிறகு இரண்டு மூன்று பேர் கூடிப் பேசுவார்கள், சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில் தெரியவரும். தனியாகப் போய்ச் சொல்லும்போது அவர் வீட்டு வாசலில் நின்று சொல்லாதீர்கள், பிள்ளைகள் காதில் விழும். வயதில் மூத்தவராக இருந்தால் "அண்ணாச்சி, எனக்கு ஒரு வருத்தம்" என்று உங்கள் வருத்தத்திலிருந்து தொடங்குங்கள்.

ஆனால் இந்த வசனத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தால் அது "தனியாகப் போய்ச் சொல்" என்று கையாளவேண்டிய விஷயம் இல்லை. 2012-ஆம் வருட போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் "பொறுமையாயிரு, ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புவதும் கூடாது. நீடியபொறுமை என்பது அடிக்கிறவனுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதற்காகச் சொல்லப்படவில்லை. சபைப் பணத்தைக் கையாடியவரை மன்னிக்கலாம். கணக்கையும் தணிக்கை செய்யவேண்டும், பொறுப்பிலிருந்தும் இறக்கவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

வீட்டு ஜெபக்கூட்டம் எப்படி நடத்தினால் உருப்படியாக இருக்கும்?

1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஊரில் மெதடிஸ்ட் இயக்கத்தார் கட்டிய கூடத்துக்குக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரவேண்டும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வாங்கவேண்டும் என்று ஏற்பாடு. வாங்கப் போனவர்கள் வந்து இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லியிடம், இன்னார் குடும்பம் சரியாக நடக்கவில்லை என்று சொன்னார்கள். வெஸ்லிக்குச் சட்டென்று பிடிபட்டது, இத்தனை நாள் தேடிய வழி இதுதான் என்று. கடன் வசூல் ஏற்பாடு அப்படியே வாரந்தோறும் கூடி ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கும் வகுப்பாக மாறியது. மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பே பிறகு அதுதான்.

நம் வீட்டுக் கூட்டங்களில் பாட்டு, சாட்சி, செய்தி, ஜெபம், டீ எல்லாம் இருக்கும், விசாரிப்பு இருக்காது. ஒருவர் பேச இருபது பேர் கேட்பார்கள். எட்டு, பத்து பேருக்கு மேல் போகவேண்டாம். செய்தியைப் பத்து நிமிடத்தோடு நிறுத்தி, போன வாரம் யாரிடம் கோபப்பட்டோம், யாருக்குக் கடன் திருப்பித் தரவில்லை என்கிற மாதிரிக் கேள்விகளுக்கு நேரம் விடுங்கள். முதல் மாதம் எல்லோரும் "கிருபையால் நல்லாயிருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். நடத்துகிறவர் தன்னுடையதை முதலில் சொன்னால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அங்கே சொன்னது அங்கேயே நிற்கவேண்டும். அப்புறம், பலகாரப் போட்டி. ஒரு வீட்டில் போண்டா, அடுத்த வீட்டில் கேசரி, அதற்கடுத்து பிரியாணி என்று ஏறிக்கொண்டே போனால், வசதியில்லாத வீட்டார் தங்கள் முறை வரும் வாரம் ஊரில் இருக்கமாட்டார்கள். கட்டன் சாயா மட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுப்பது எப்படி?

விடுமுறை வேதாகமப் பள்ளியும் மனப்பாட வசனப் போட்டியும் நல்லவை, நடக்கட்டும். ஆனால் பிள்ளைகள் உண்மையாகக் கற்றுக்கொள்வது ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பைக்கில், காரில் நாம் பேசுவதிலிருந்து. பிரசங்கத்தையும், பாட்டு பாடினவரின் சேலையையும், கமிட்டிச் செயலாளரையும் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டு, ராத்திரி குடும்ப ஜெபத்தில் "எல்லோரையும் நேசிக்க உதவி செய்யும்" என்றால் அவர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள்? அம்மாவிடம் அப்பா மன்னிப்புக் கேட்பதைப் பிள்ளை ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருந்தால் நல்லது.

குருவானவரிடமே இந்தக் குணம் இல்லையென்றால்?

1 தீமோத்தேயு 3-ல் கண்காணிக்கு (சபையை நடத்துகிறவருக்கு) கேட்கப்படும் தகுதிகளைப் படித்துப் பாருங்கள். குற்றமில்லாமை, ஜாக்கிரதை, தெளிந்த புத்தி, உபசரிப்பு, அடிக்காமை, சண்டையில்லாமை, பண ஆசையில்லாமை. திறமை என்று சொல்லத்தக்கது போதகசமர்த்து (போதிக்கும் ஆற்றல்) ஒன்றுதான். நாமோ அதை மட்டும் பார்த்து மற்றதை விட்டுவிடுகிறோம், பிறகு வருத்தப்படுகிறோம். அதே சமயம், ஒரு சேகரத்தில் பத்துப் பன்னிரண்டு கிராமச் சபைகளைப் பார்த்து, சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஒரே நாளில் ஓடுகிற மனுஷருக்குக் கோபம் வருவதும் இயல்பு. சிடுசிடுப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். கணக்கு காட்டாமையையும், ஆட்களைப் பிரித்து வைப்பதையும் பொறுத்துக்கொள்ளவேண்டியதில்லை. இரண்டு பேராகப் போய்ப் பேசுங்கள். பிறகு எழுத்தில், கையெழுத்தோடு, திருமண்டலத்துக்கு (பேராயர் அலுவலகத்துக்கு). மொட்டைக் கடிதம் மட்டும் வேண்டாம்.

நான் வளர்ந்திருக்கிறேனா என்று எப்படித் தெரியும்?

உங்களைக் கேட்டால் தெரியாது. உங்கள் மனைவியை அல்லது கணவரைக் கேளுங்கள், தைரியம் இருந்தால். நீங்கள் தாஜா செய்யவேண்டிய அவசியம் இல்லாத, உங்களை எதிர்த்துப் பேசவும் முடியாத ஆட்கள் இன்னும் நல்ல சாட்சி: கோயிலைப் பெருக்கி மணியடிப்பவர், வீட்டு வேலைக்கு வரும் பெண், கடையில் உங்களிடம் சம்பளம் வாங்கும் பையன். ஒரு வருடத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. முன்பு ஒரு வாரம் முகம் திருப்பிக்கொண்டு போனவர் இப்போது இரண்டாம் நாளே பேசுகிறார் என்றால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா முயற்சியும் செய்தாகிவிட்டது. சபை மாறலாமா?

மாறலாம். உங்கள் பாதுகாப்புக்கோ பிள்ளைகளின் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் உடனே மாறவேண்டும், யாரிடமும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. பிரசங்கம் நீளம், கொயரில் இடம் தரவில்லை, ஏலத்தில் மரியாதை குறைந்தது போன்ற காரணங்கள் என்றால் ஒரு வருடம் பொறுங்கள். அடுத்த சபையிலும் கொயர் இருக்கும்.

போவது என்று முடிவானால் சொல்லிவிட்டுப் போங்கள். சங்கக் காணிக்கை (சபைச் சந்தா) பாக்கியைக் கட்டுங்கள். கையில் இருக்கும் ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டையும் கோயில் சாவியையும் ஒப்படையுங்கள். குருவானவரை நேரில் பார்த்துக் காரணத்தைச் சொல்லி, மாற்றுக் கடிதம் வாங்குங்கள். போகும் சபையில் முதல் ஆறு மாதம் பழைய சபையைப் பற்றி யார் கேட்டாலும் "நல்ல ஜனங்க, எங்களுக்குத் தூரம் ஆயிடுச்சு" என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.